ஆளற்ற சாலையில் ஓர் ஆஸ்டின் கார்

1969 ஜூலை 1 ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடகோடியில் எரிபோல் என்னும் கடற்கழியை ஒட்டிய சாலையில் ஓர் ஆஸ்டின் மாக்ஸி கார் நிலைதடுமாறிப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டியவர் ஜான் லெனன். உடன் இருந்தவர் யோகோ ஓனோ; அப்போது கருவுற்றிருந்தார். காரில் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். லெனனின் முதல் மணத்தில் பிறந்த ஆறு வயது ஜூலியன், யோகோவின் முந்தைய மணத்தில் பிறந்த ஐந்து வயது கியோகோ. லெனனின் முகத்தில் 17 தையல்கள் போட வேண்டியிருந்தது. யோகோவுக்கு 14, கியோகோவுக்கு 4. ஜூலியன் அதிர்ச்சியோடு தப்பினான்.

பீட்டில்ஸ் குழுவைப் பற்றிய நூல்களில் இவ்விபத்து பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடும். கிட்டப்பார்வைக்காரர், 1965 இல்தான் ஓட்டுநர் உரிமம் பெற்றவர், ஒற்றைத்தடச் சாலையில் எதிரே ஒரு வண்டி வரவும் பதறிவிட்டார் என்று புன்னகையோடு எழுதிவிட்டு, ‘ஆபி ரோடு’ இசைத்தட்டின் ஒலிப்பதிவுக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சாலை ஏன் அவ்வளவு ஒடுங்கியும் ஆளின்றியும் கிடந்தது என்ற கேள்வி இசை வரலாற்றாசிரியருக்கு உரியதன்று. ஆயினும் அக்கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

லெனனும் யோகோவும் அவ்வாண்டு மார்ச் 20 அன்று ஜிப்ரால்டரில் மணம் புரிந்தவர்கள். தேனிலவை ஆம்ஸ்டர்டாமில் படுக்கையில் அமர்ந்தபடியே சமாதானப் பிரச்சாரமாக மாற்றினர். அதையே மான்ட்ரியலிலும் செய்து, அங்கேயே ஒரு சமாதானப் பாடலையும் பதிவு செய்தனர். அடுத்து வந்ததுதான் இந்த உறவினர் வீட்டுப் பயணம். முதலில் ஒரு மினி காரில் புறப்பட்டார்கள். நால்வருக்கு அது போதவில்லை என்றுதான் மாக்ஸிக்கு மாறினார்கள். எடின்பரோவில் லெனனின் பெரியம்மா இருந்தார். அவருடைய குடும்பத்துக்கு வடகடலோரம் டர்னஸ் ஊருக்குப் பக்கத்தில் சாங்கோபெக் என்னும் சிற்றூரில் ஒரு கிராஃப்ட் உண்டு. லிவர்பூல் சிறுவனாக லெனன் கோடை விடுமுறைகளைக் கழித்தது அங்கேதான். புது மனைவிக்குத் தன் பால்யத்தின் மிகத் தூய பகுதியைக் காட்ட விரும்பினார் என்று இப்பயணத்தைப் புரிந்துகொள்கிறேன். புதிதாக மணந்த எவருக்கும் வரும் ஆசைதான்.

கிராஃப்ட் என்ற சொல் காதுக்கு இனிமையானது. வெள்ளையடித்த சிறு வீடு, கல்வேலி, சில ஆடுகள், அப்பால் கடல் என்று மனம் சித்திரம் தீட்டத் தொடங்கிவிடும். அச்சொல்லின் பின்னுள்ள வரலாறு அத்தனை இனிமையானதன்று. உட்பள்ளத்தாக்குகளில் ஊர்களாகக் கூடி வாழ்ந்து, மாடு மேய்த்து, வாற்கோதுமை விளைவித்த கேலிக் மொழி பேசும் குடியானவர்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலக்கிழார்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றினர். ஆட்டுப் பண்ணைக்கு விட்டால் குத்தகை பன்மடங்கு கிடைக்கும் என்பதே காரணம். வெளியேற்றப்பட்டவர்கள் கடலோரப் பாறைநிலத்தில் கீற்றுக் கீற்றாக அளந்து கொடுக்கப்பட்ட துண்டுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத அளவு என்பது திட்டமிட்டே வைக்கப்பட்டது. மீதிக்கு மீன் பிடிக்கட்டும் என்பது ஏற்பாடு. தலைமுறைகளாகக் கடல் அறியாதவர்களிடம் ஒரே நாளில் கடலோடியாகிவிடு என்றால் என்ன செய்வார்கள்? அத்தகைய துண்டுநிலத்தின் பெயர்தான் கிராஃப்ட். அதில் குடியிருப்போரை மனம்போல் வெளியேற்ற முடியாது என்னும் சட்டம் 1886 இல்தான் வந்தது.

சாங்கோபெக்கிலிருந்து எரிபோலுக்கு ஓட்டிச் செல்பவர் கென்னபென் என்ற இடத்தைத் தாண்டாமல் போக முடியாது. கீழே வெண்மணல் கடற்கரை. மேலே சரிவில் இடிந்த கற்சுவர்கள். அங்கு ஓர் ஊர் இருந்தது. 1841 இல் பெருங்குத்தகைக்காரர் ஊரைக் காலி செய்ய ஆணை அனுப்பியபோது, கொண்டுவந்த நீதிமன்ற ஊழியரை ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, அவர் கையாலேயே அந்தக் காகிதங்களை எரிக்க வைத்தார்கள். பிறகு வந்த காவலர்களும் டர்னஸிலிருந்து விரட்டப்பட்டனர். எனினும் 1842 இல் ஊர் காலியாயிற்று. வட ஸ்காட்லாந்தின் வெளியேற்றக் கதைகளில் எதிர்ப்பு என்று வரும் இடங்களிலெல்லாம் பெண்களே முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பது தனியே எழுதப்பட வேண்டியது.

விபத்தில் சிக்கியவர்களைக் கொண்டு சேர்த்தது, கிழக்குக் கரையில் ஐம்பது மைலுக்கும் அப்பால் உள்ள கோல்ஸ்பி ஊரின் மருத்துவமனையில். வடகரையின் டங் கிராமத்திலிருந்து தெற்கே இறங்கும் சாலை நேவர் ஏரியின் மேற்கு முனையைத் தொட்டுச் செல்கிறது. ஏரியின் மறுமுனையில் தொடங்கி, பெட்டிஹில் வரை கடலை நோக்கி நீள்வது ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. இங்கு வருவதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்பகுதியின் கதையிலும் ஒரு தம்பதி உண்டு. சதர்லாண்ட் கோமாட்டி எலிசபெத், 1766 இல் ஒரு வயதுக் குழந்தையாகவே இந்நிலங்களுக்கு உரிமையானவர். 1785 இல் அவர் மணந்தவர் பின்னாளில் ஸ்டாஃபர்டு கோமகனாகி, பிரிட்டனின் மாபெரும் செல்வர்களுள் ஒருவரானார். மனைவியின் நிலமும் கணவரின் பணமும் சேர்ந்தபோது ‘மேம்பாடு’ தொடங்கிற்று. அவர்களுடைய நில நிர்வாகி பாட்ரிக் செல்லர், காலியாக்க வேண்டிய ஸ்ட்ராத்நேவர் நிலத்தின் ஆட்டுப் பண்ணைக் குத்தகையைத் தானே எடுத்திருந்தார். 1814 இல் அவர் முன்னிலையில் வீடுகளின் கூரைகள் கொளுத்தப்பட்டன. எரிந்த ஒரு வீட்டிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட, நூறு வயதை நெருங்கிய மார்கரெட் மெக்கே என்ற மூதாட்டி ஐந்து நாட்களில் இறந்தார். 1816 இல் இன்வெர்னஸ் நகரில் வழக்கு நடந்தது. நிலவுடைமையாளர் நிறைந்த நடுவர் குழு செல்லரை விடுவித்தது. அவரைக் கைது செய்த ராபர்ட் மெக்கிட் பதவியை இழந்து மன்னிப்பும் கேட்க நேர்ந்தது.

1819 இல் மறுபடியும் நெருப்பு. ரோசல் என்ற ஊரில் பிறந்த கொத்தனார் டொனால்ட் மெக்லியாட், இரவு பதினொரு மணியளவில் ஒரு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணினார். இருநூற்றைம்பது என்று பின்னர் எழுதினார். அழிவின் நடுவே நின்று எண்ணிக்கை எடுத்த அந்த மனிதரை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1854 இல் தம் ஐரோப்பியப் பயணநூலில் சதர்லாண்ட் குடும்பத்துக்கு ஆதரவாக எழுதியபோது, கனடாவுக்குப் புலம்பெயர்ந்திருந்த மெக்லியாட் 1857 இல் ஒரு புத்தகமாகவே பதிலடி தந்தார். அடிமை முறையை எதிர்த்த ஒரு பேரெழுத்தாளர் விருந்தளித்தவரின் குற்றத்தைக் காணத் தவறினார் என்பது இலக்கிய வாசகர்கள் யோசிக்க வேண்டிய செய்தி. 1814 முதல் 1820 வரை சதர்லாண்டில் 15,000 பேர் வேரோடு பெயர்க்கப்பட்டனர் என்று கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கணக்குத் தருகிறார். 1825 இல் அந்நிலத்தில் இருந்தவை 1,31,000 ஆடுகள் என்பதும் அவர் தரும் கணக்கே. பெட்டிஹில் என்ற ஊர்ப்பெயரே எலிசபெத்தின் செல்லப்பெயரால் வந்தது. விரட்டப்பட்டவர்கள் குடியேறிய ஊருக்கு விரட்டியவரின் பெயர்!

இன்று பயணிகள் மெச்சும் அந்தப் பெருவெளி மௌனம் இவ்வாறு உண்டாக்கப்பட்டது. 2015 இல் இக்கரையைச் சுற்றிவரும் சாலைகளுக்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயரிட்டு விளம்பரப்படுத்திய பிறகு இணையர்கள் கூட்டங்கூட்டமாக ஓட்டிவருகிறார்கள். மனிதக் கை படாத இயற்கை என்று வியக்கிறார்கள். கை படாத நிலமன்று அது. 1962 இல் ரோசலை அகழ்ந்தபோது வீடுகளும் களஞ்சியங்களும் கொண்ட முழு ஊரே மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது.

லெனன் இதையெல்லாம் அறிந்திருந்தாரா என்ற விசாரணையில் எனக்கு ஆர்வமில்லை. விடுமுறைக்கு வரும் சிறுவனுக்கு மலை மலைதான். கோல்ஸ்பியில் அவர்கள் ஐந்து நாட்கள் படுத்திருந்தார்கள். ஊருக்கு மேலே பென் பிராகி குன்றின் உச்சியில், சுமார் நூறு அடி உயரத்துக்கு, ஸ்டாஃபர்டு கோமகனின் சிலை நிற்கிறது. 1837 இல் எழுப்பப்பட்டது. துயருற்ற, நன்றியுள்ள குடியானவர்கள் எழுப்பினார்கள் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அதை இறக்கிவிட வேண்டுமென்று 1994 இல் கோரிக்கை எழுந்தும் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 3 அன்று லண்டனில் நடந்த சமாதானப் பாடலின் அறிமுக விழாவுக்கு அவர்களுக்குப் பதிலாக ரிங்கோ ஸ்டாரும் மனைவியும் சென்றனர். ஜூலை 6 இல் லெனனும் யோகோவும் மருத்துவமனையிலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்டனர். ஜூலை 9 இல் லெனன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது, யோகோவுக்காக ஒரு கட்டிலும் உள்ளே கொண்டுவரப்பட்டு, அதன்மேல் ஒலிவாங்கியும் பொருத்தப்பட்டது. நொறுங்கிய மாக்ஸியையும் லெனன் விட்டுவிடவில்லை. அதை வரவழைத்து, டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டத்தில், விருந்தினர் பார்க்கும்படி நிறுத்தி வைத்தார்.