கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் ஆள் கடத்தல் தடுப்பும்

உழைப்பைச் சுரண்டுவதற்காக ஆட்களைக் கடத்துவது இந்தியாவில் பெரும்பாலும் முன்பணத்தில் தொடங்குகிறது. ஒரு குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ கல் குவாரிக்கோ போகிறது. கடன் தீரும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாது; கடனும் தீருவதில்லை. இதைத் தடுக்க நாட்டில் உள்ள முதன்மைச் சட்டம், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டம். இதோடு தண்டனைச் சட்டத்தின் ஆள் கடத்தல் பிரிவும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன.

சட்டம் வந்த விதம்

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு ஆள் வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒன்றாகவே தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்த நாடு தழுவிய சட்டம் வர கால் நூற்றாண்டு ஆனது. 1975 ஜூலையில் இந்திரா காந்தி அறிவித்த 20 அம்சத் திட்டத்தில் கொத்தடிமை ஒழிப்பும் இடம்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது முழுச் சட்டமானது. குடிமக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நெருக்கடிநிலைக் காலத்தில்தான் நாட்டின் மிக ஏழையான உழைப்பாளிகளுக்கு இந்த உரிமை கிடைத்தது.

சட்டத்தின் வலிமை அதன் சில பிரிவுகளில் இருக்கிறது. கொத்தடிமைக் கடன் அத்தனையும் ஒழிந்தது. அதைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. கடனுக்காக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. விடுதலையானவரை அவர் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. ஒழிந்த கடனுக்காகப் பணம் வாங்கினாலே மூன்றாண்டு வரை சிறை. எல்லாவற்றையும்விட முக்கியமானது 15ஆம் பிரிவு: இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் முதலாளியின் கணக்கு நோட்டை எதிர்த்து நிற்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.

கடன் ஆளைப் பிடித்து வைக்கும் முறை

சென்னையை அடுத்த செங்குன்றம் வட்டார அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டிருக்கின்றன. புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். அவித்து இறக்கிக் களத்தில் பரப்ப வேண்டும். காயக் காயக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவிக்கும் வேலை விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். வானம் கறுத்தால் எந்த நேரமானாலும் ஓடிப்போய் நெல்லைக் குவித்து மூட வேண்டும். கூலி மூட்டைக் கணக்கு. கணக்கு ஆண் பேரில் இருக்கும்; பெண்ணும் பிள்ளையும் செய்யும் வேலை அதற்குள்ளேயே அடங்கிவிடும். உறவில் சாவு என்றாலும், வீட்டில் ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுத்தான் மற்றவர் ஊருக்குப் போக முடியும்.

செங்கல் சூளைகளில் ஆட்கள் இன்னும் தொலைவிலிருந்து வருகிறார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் நுவாக்காய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் ‘சர்தார்’ எனப்படும் ஏஜென்டுகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் திருவள்ளூர் வட்டாரச் சூளைகள்வரை வருகின்றன. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும். வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கைக்குக் காசு வரும். மீதி எல்லாம் சீசன் முடிவில் ‘கணக்கு முடிக்கும்போது’தான். முன்பணம், ரயில் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, மழையில் கரைந்த பச்சைக் கல் எல்லாம் அந்தக் கணக்கில் கழியும்.

மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பரவியிருந்த ‘சுமங்கலித் திட்டம்’ இதன் மறுபக்கம். அங்கே தொழிலாளி முதலாளிக்குக் கடன்படவில்லை. முதலாளிதான் தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்தார். மூன்றாண்டு முடித்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களை விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கினார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றால் அந்தத் தொகையும் போயிற்று. நிலுவைக் கூலியே அங்கு விலங்கு.

சட்டத்தின் 2ஆம் பிரிவு கொத்தடிமைத்தனத்துக்கு நான்கு அடையாளங்கள் சொல்கிறது: கூலி இல்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ உழைப்பது, வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோவது, விருப்பப்படி நடமாட முடியாதது, தன் பொருளையோ உழைப்பின் பலனையோ சந்தை விலைக்கு விற்க முடியாதது. கடனின் பேரில் இவற்றுள் ஒன்று நடந்தாலே போதும். ஆனால் விசாரணைக்குப் போகும் அதிகாரிகள் பலரும் முதலில் தேடுவது பூட்டையும் அடித்த தழும்பையும்தான். அவை இல்லையென்றால் ‘முதலாளிக்கும் ஆளுக்கும் கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று கோப்பு மூடப்படுகிறது. சட்டம் தோற்கும் இடங்களுள் பெரியது இதுதான்.

நீதிமன்றங்கள் திறந்த வழி

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்றது. பசியும் ஒரு கட்டாயம் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அரியானாவின் ஃபரிதாபாத் கல் குவாரிகள் குறித்து சுவாமி அக்னிவேஷின் ‘பந்துவா முக்தி மோர்ச்சா’ தொடுத்த வழக்கில், நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுவது தெரிந்தால், அது முன்பணத்தின் பேரில்தான் என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் பாடு. 1985ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒப்பந்தத் தொழிலாளரும் வெளிமாநிலத் தொழிலாளரும் இதில் அடங்குவர் என்று தெளிவாக்கியது. தமிழ்நாட்டு அரசுக்கு எதிராக மக்கள் சிவில் உரிமைக் கழகம் நடத்திய வழக்கில், இச்சட்டத்தின் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் பணி 1997இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆள் கடத்தல் என்ற குற்றம்

ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை 2000இல் உருவானது. ஆளைச் சேர்ப்பது, அதற்கு ஏய்ப்போ மிரட்டலோ கையாள்வது, சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் கூடினால் கடத்தல் என்பது அதன் வரையறை. இந்தியா 2011இல் இதை ஏற்றது. டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த வர்மா குழுவைத் தொடர்ந்து, 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு புதிதாக எழுதப்பட்டது. பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம் சுரண்டல் வகைகளுள் ‘கட்டாய உழைப்பு’ என்பதை வெளிப்படையாகச் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அது விடுபட்டு, ‘உடல்ரீதியான சுரண்டல்’, ‘அடிமைத்தனம்’ போன்ற சொற்களே நின்றன. உழைப்புச் சுரண்டல் வழக்குகளைக் கடத்தலாகப் பதிய போலீஸ் தயங்குவதற்கு இந்த விடுபடல் இடம் கொடுத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அதே சொற்களையே பெரிதும் தொடர்கிறது. பிச்சையெடுக்க வைப்பதைப் புதிதாகச் சேர்த்துள்ளது.

எந்தப் பிரிவில் வழக்கு பதிகிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல. 1976 சட்டத்தில் உச்சத் தண்டனை மூன்றாண்டு, ஜாமீனும் உண்டு. 143ஆம் பிரிவில் தொடக்கமே ஏழாண்டு; பலரைக் கடத்தினால் பத்தாண்டு முதல் ஆயுள்வரை. கடத்தப்பட்டவர் சம்மதித்துத்தானே வந்தார் என்ற வாதமும் அங்கு எடுபடாது. தனிச்சட்டம் ஒன்றுக்கான மசோதா 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது.

மீட்டபின்

விடுதலைச் சான்றிதழை வழங்குவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். கடன் ஒழிந்ததற்கும் உதவித்தொகை கேட்பதற்கும் அந்த ஒரு தாள்தான் ஆதாரம். 1978இல் தொடங்கிய மறுவாழ்வுத் திட்டத்தில் தலைக்கு ரூ.4,000 தரப்பட்டது, 2000இல் அது ரூ.20,000 ஆனது. 2016 திட்டம் ஆண்களுக்கு ரூ.1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் ரூ.2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு ரூ.3 லட்சம் என உயர்த்தியது. ஆனால் உடனடி உதவியைத் தவிர மீதியை வழக்கின் முடிவோடு கட்டிப்போட்டது. சாட்சி சொல்ல ஒடிசாவிலிருந்து திரும்பத் திரும்ப வரவேண்டிய ஏழைக் குடும்பத்துக்கு அந்த லட்சங்கள் எட்டாக்கனியாயின. கையில் காசில்லாமல் ஊர் திரும்பியவர் அடுத்த சீசனுக்கு மறுபடி முன்பணம் வாங்குவதில் வியப்பில்லை.

1976 சட்டம் விதித்த ரூ.2,000 அபராதமும், அதிலிருந்து உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு ரூ.5 என்ற கணக்கும் இப்போது பொருளற்றுப் போய்விட்டன. இரண்டையும் திருத்தியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பிப்ரவரி 9 கொத்தடிமை ஒழிப்பு நாளாக உறுதிமொழியோடு கடைப்பிடிக்கப்படுகிறது. மற்ற நாட்களுக்கு 12ஆம் பிரிவு இருக்கிறது: தன் எல்லைக்குள் கொத்தடிமை முறை உள்ளதா என்று விசாரிப்பதும், இருந்தால் உடனே ஒழிப்பதும் மாவட்ட ஆட்சியரின் கடமை. சூளையிலோ ஆலையிலோ வெளியே போக முடியாத குடும்பத்தைக் கண்டால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். குழந்தைகள் இருந்தால் 1098க்கு அழையுங்கள்.