சமந்தபத்திரரின் நோயும் குருவின் மறுப்பும்

காஞ்சியோடு பெயர் இணைந்த ஆசாரியர்களுள் தலையாயவர் சமந்தபத்திர சுவாமிகள். ஆப்தமீமாம்சை, சுயம்பு ஸ்தோத்திரம், ரத்னகரண்ட சிராவகாசாரம் ஆகிய நூல்களால் அவரைத் தமிழ்ச் சமணர் இல்லங்கள் நன்கறியும். இறுதியில் கூறிய நூலைத் தழுவி எழுந்ததே அருங்கலச்செப்பு. அதன் பெயரும் மூலத்தின் பெயரை அப்படியே தமிழாக்கியதுதான். இத்தகைய பெரியாரை நெடுநாள் வாட்டிய நோய் பஸ்மக வியாதி என்பது மரபு.

பித்தம் மிகுந்து கபம் குன்றும்போது வயிற்றுத் தீ அளவிறந்து எரியும். உண்டது உடனே எரிந்துபோக, உணவு கிடையாதபோது உடலின் தாதுக்களையே அது தின்னத் தொடங்கும் என்று ஆயுர்வேதம் இதனை விளக்குகிறது. இதற்குச் சரக சம்ஹிதை கூறும் மருந்து பட்டினியன்று. நெய்ப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் உடைய, எளிதில் செரியாத உணவை மீண்டும் மீண்டும் கொடுக்கவேண்டும். திகம்பர முனிவரோ நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையையே கலமாகக் கொண்டு உண்பவர். மருந்து உண்டு, அதனை உட்கொள்ள விரதம் இடந்தராது. நோயும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஒன்றாதலின் அவர் பொறுத்தார். பொறுக்க இயலாதபோது குருவை அணுகிச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு மறுத்துவிட்டார்.

சீடருக்கு ஆயுள் மிகுதி உண்டு, அவரால் அறம் தழைக்கும் என்பதைக் குரு உணர்ந்திருந்ததே காரணம் எனக் கதைகள் கூறும். அதனினும் கருதத்தக்க காரணம் ஒன்று ரத்னகரண்டத்திலேயே இருக்கிறது. இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேரும்போது சல்லேகனை கொள்ளலாம் என்னும் அந்நூல், அவை மாற்று வழி அற்றவையாக இருத்தல் வேண்டும் என்ற வரையறையையும் சேர்த்தே வைக்கிறது. துன்பம் பெரிதா என்பது அங்கே கேள்வியன்று. தீர்வு உண்டா என்பதே கேள்வி. நோயுற்ற முதியவர் விரதம் வேண்டும்போது இன்றும் குடும்பத்தார் முதலில் ஆராயவேண்டியது இதுவே. பஸ்மகத்திற்குத் தீர்வு இருந்தது. ஆகவே துறவுக்கோலத்தைச் சில காலம் நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தீட்சை பெறுமாறு குரு பணித்தார். உயிரை விடுவதினும் கோலத்தை விடுவது அம்முனிவருக்குக் கடினமாக இருந்திருக்கும்.

பின்னர் நிகழ்ந்தவற்றில் நூல்கள் வேறுபடுகின்றன. நேமிதத்தரின் ஆராதனா கதாகோசம் காசியைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ராஜாவளி கதை காஞ்சியைச் சொல்கிறது. சிவகோடி மன்னன் கோயிலில் படைத்த பேரளவான நைவேத்தியத்தை, வேடம் மாறியிருந்த சமந்தபத்திரர் கதவடைத்துத் தாமே உண்டார். முதலில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு சிறிது மிஞ்சியது; நாளடைவில் அம்மிச்சம் பெருகியது. மன்னனுக்கு ஐயம் எழுந்தது அதனால்தான். ஒருவகையில் அம்மிச்சமே மருத்துவச் சான்று: உணவு செய்த வேலையை நாள்தோறும் அளந்து காட்டியது. மன்னன் வணங்கச் சொன்னபோது அவர் தீர்த்தங்கரர்களைத் துதிக்க, சந்திரப்பிரபரின் திருவுருவம் தோன்றியது என்பது கதையின் முடிவு. நோய் அதற்கு முன்னரே தணிந்துவிட்டது என்பதைக் கதை கேட்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சிரவணபெளகொள சந்திரகிரியில், 1129இல் சல்லேகனையால் உயிர்நீத்த மல்லிஷேண முனிவரின் நினைவாக எழுந்த கல்வெட்டும் சமந்தபத்திரரின் பஸ்மக நோயையும் சந்திரப்பிரபர் தோன்றியதையும் சுருக்கமாகக் குறிக்கிறது. ஆப்தமீமாம்சைக்கு உரை வகுத்த அகளங்கர் எட்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுவதால், ஆசாரியருக்கும் அக்கல்லுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளேனும் கிடக்கின்றன. கல்வெட்டு மரபின் பழமைக்குச் சான்றாகுமேயன்றி, நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்று ஆகாது.

அற்புதத்தைச் சான்றாகக் கொள்வதை ஆசாரியரே ஏற்றவரல்லர். தேவர் வருகை, வானில் நடத்தல், சாமரை முதலிய சிறப்புகள் மாயவித்தைக்காரரிடமும் காணப்படுதலின், அவற்றால் மட்டும் ஒருவரைப் பெரியவராகக் கொள்வதற்கில்லை என்று கூறியே ஆப்தமீமாம்சை தொடங்குகிறது. அருகனையே ஆராய்ந்தபின் ஏற்ற நூல் அது. அதே ஆசாரியர் சுயம்பு ஸ்தோத்திரத்தில் சம்பவநாதரைத் துதிக்கும்போது, ஆதரவற்ற நோயாளர்பால் எதிர்பாராது வந்துசேர்ந்த வைத்தியருக்கு ஒப்பிடுகிறார். நோய் தீர்ந்தபின் அவர் குரு பணித்தவாறே மீண்டும் தீட்சை ஏற்றார்.