புசான்: மக்கள்தொகை

புசான் தென்கொரியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம். மக்கள்தொகையில் சியோலுக்கு அடுத்த இடம் இதற்கே. 2023 இறுதியில் சுமார் 33 லட்சம் பேர் வாழ்ந்தனர். நிர்வாக வசதிக்காக நகரம் 15 வட்டங்களாகவும், 1995இல் இணைக்கப்பட்ட கிசாங் என்ற மாவட்டமாகவும் பிரிக்கப்பட்டுள்ளது.

வளர்ச்சி: கொரியப் போரின்போது (1950–53) புசான் தற்காலிகத் தலைநகராக இருந்தது. வடக்கிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தனர். சமவெளியில் இடம் போதாமல் மலைச்சரிவுகளில் குடிசைகள் எழுந்தன. ஆமி-தோங் பகுதியில் ஜப்பானியர் விட்டுச்சென்ற இடுகாட்டின் கல்லறைக் கற்களே வீடுகளுக்கு அடித்தளமாயின. 1955இல் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. பின்னர் காலணி, ஒட்டுப்பலகை ஆலைகளும் துறைமுக வேலைகளும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரை ஈர்த்தன. 1990களின் நடுப்பகுதியில் மக்கள்தொகை 39 லட்சத்தை நெருங்கி உச்சம் தொட்டது.

சரிவு: காலணி ஆலைகள் கூலி குறைந்த நாடுகளுக்குப் பெயர்ந்தன. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் சியோல் வட்டாரத்துக்குச் செல்கின்றனர். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 0.66 மட்டுமே.

முதுமை: 2021இல் 65 வயது கடந்தோர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினர். கொரியப் பெருநகரங்களில் இந்நிலையை முதலில் எட்டியது புசானே. பழைய நகர மையம் ஆளற்றுப்போக, கடலோர ஹேயுண்டே வட்டமே இன்று மக்கள் மிகுதியாக வாழும் பகுதி.