கல்ட் படம்

ஒரு கூட்டத்தாரின் தீராத பற்றைப் பெற்ற, பெரும்பாலும் வெளியானபோது ஓடாத திரைப்படம் 'கல்ட் படம்' எனப்படும். உழுதல், பேணுதல், வழிபடுதல் ஆகிய பொருள்களைத் தரும் 'கொலேரே' என்ற இலத்தீன் வினையே 'கல்ட்' என்னும் சொல்லின் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. 1970களில் நியூயார்க்கின் நள்ளிரவுக் காட்சிகளை ஒட்டிப் படங்களுக்கு வழங்கலாயிற்று.

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்து மாணவர் பேச்சில் இது 'கல்ட்டு'. அங்கே பாராட்டுச் சொல். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' தக்க சான்று. 2010 பொங்கலுக்கு வந்தபோது பலருக்குப் புரியவில்லை. 2021 டிசம்பர் 31இல் மறுபடி திரைக்கு வந்தபோது கொண்டாடினார்கள்.

'கல்ட்டு' என்ற பாராட்டுக்கு எதிரான வசை 'பம்மாத்து': இல்லாத ஆழத்தைக் காட்டிக்கொள்வது. இப்படத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. பசியில் வாடும் சோழக் குடிகளின் வாயில் ஒலிக்கும் பழந்தமிழ், காணாமற்போன தொல்லியல் ஆய்வாளரைத் தேடும் பயணமாகத் தொடங்கிய கதையை ஓர் இனத்தின் துயரமாக மாற்றிவிடுகிறது. ஆனால் வெறும் இருண்மையையும் தூக்கிப்பிடிக்கும் ரசிகர்கள் உண்டு. இச்சொல் பற்றைக் குறிக்குமே தவிரத் தரத்தை அன்று.

தரத்தையும் சேர்த்துச் சொல்லும் தொடர் 'கல்ட் கிளாசிக்'. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) அவ்வகை: திரையரங்கில் ஓடாத அப்படம் இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது.