டேப்லெட் குறிப்புச் செயலிகளும் பல்பணி வரம்புகளும்

டேப்லெட்டில் குறிப்பெடுக்கும் செயலியைப் பாடக் காணொளி, பிடிஎஃப், இணைய வகுப்பு போன்றவற்றோடு ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது எழும் தடைகள் பல்பணி வரம்புகள் எனப்படுகின்றன. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே திரைதான் இருப்பது இவற்றுக்கு அடிப்படைக் காரணம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. யூடியூபிலும் அவை கிடைத்தன. தொலைக்காட்சியில் பாடம் ஓட, மடியில் நோட்டு வைத்து எழுதிய பிள்ளைக்கு ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. அதே பாடத்தை டேப்லெட்டில், சந்தா கட்டாத யூடியூப் செயலியில் பார்த்தவர் குறிப்புச் செயலிக்கு மாறினால் பாடம் நின்றுவிடும். திரையை இரண்டாகப் பிரிப்பதே அவருக்கு இருந்த வழி.

அந்த வசதி ஐபேடுக்கு 2015இல் ஐஓஎஸ் 9 வழியாக வந்தது. அப்போதும் ஐபேட் ஏர் 2 போன்ற சில கருவிகளுக்கு மட்டுமே. ஆண்ட்ராய்டில் அது பொது வசதியானது 2016இல், ஏழாம் பதிப்பில். ஐபேடில் ஒரே செயலியை இரண்டு ஜன்னல்களில் திறக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேற்றைய குறிப்பைப் பார்த்துக்கொண்டே இன்றைய குறிப்பை எழுதுவது மாணவரின் அன்றாடத் தேவை. அதற்கு இவ்வளவு காலம் ஆனது வருந்தத்தக்கது.

நேரலை வகுப்பில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. திரையைப் பிரித்ததும் ஐபேட் கேமராவை நிறுத்திவிட்டது. குறிப்பெழுதும் மாணவரின் முகம் ஆசிரியருக்குத் தெரியவில்லை. கவனமாகப் படிப்பவரே வகுப்பில் இல்லாதவர்போலத் தோன்றினார். பிரித்த திரையிலும் கேமராவை இயக்க ஜூம் செயலிக்கு ஆப்பிள் தனி அனுமதி அளித்திருந்தது 2021இல் தெரியவந்தது. பிற செயலிகளுக்கு, அதுவும் தகுதியான கருவிகளில் மட்டும், 2022இல் ஐபேட்ஓஎஸ் 16 வழிவிட்டது.

நினைவகம் அடுத்த தடை. பின்னணியில் உள்ள செயலிகளை இயங்குதளம் உறங்கவைக்கிறது. இடம் போதாவிட்டால் மூடியே விடுகிறது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடின் நினைவகம் 3 ஜிபி மட்டுமே. கனமான பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் குறிப்பேடு புதிதாகத் திறக்கும், விட்ட பக்கத்தைத் தேட வேண்டும்.

2025இல் ஐபேட்ஓஎஸ் 26, ஜன்னல்களை விரும்பிய அளவில் வைக்க வழிசெய்தது; பழைய கருவிகளில் ஒரே நேரத்தில் திறந்து வைக்கத்தக்கவை குறைவு. திரையின் அகலமோ மாறவில்லை. பதினோரு அங்குலத் திரையைப் பாதியாக்கினால் கருவிப்பட்டை சுருங்கி, பேனாவால் எழுதுபவர் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்த நேர்கிறது.