நெல்சன் கேட்ட ஓக் மரங்களும் ஒரு சைக்கிள் பாதையும்

லாரி இல்லை, பஸ் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. சுமார் 17 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கலாம், பெரும்பாலும் பின்னாடி என்ன வண்டி வருது என்று திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அப்படி ஒரு சுற்றுப் பாதை இங்கிலாந்தில், டீன் காட்டில் இருக்கிறது. செவர்ன், வை என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய பழைய ராஜாங்கக் காடு அது.

நான் அங்கே போனதில்லை (பாஸ்போர்ட்டே இல்லை, விசா எல்லாம் அப்புறம்!). மேப்பும் புத்தகங்களும்தான். பி.காம் படிக்கிறவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் காட்டுக் கதையில் பங்கு, ராயல்டி, டோல் எல்லாம் வருகிறது நண்பர்களே. எங்கள் பாடப் புத்தகத்தை விட இது சுவாரசியமாகவே இருக்கிறது.

முதலில் பாதையைப் பார்ப்போம். டீன் காடு மேடும் பள்ளமுமான இடம். ஆனால் இந்தச் சைக்கிள் பாதை மட்டும் பெரும்பாலும் சமமாகப் போகும். சின்னப் பிள்ளைகள் கூட ஓட்டலாம். காரணம் எளிது. அது ஒரு காலத்தில் ரயில் பாதை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தான மேடு ஏறாது, வழுக்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை மண் போட்டு நிரப்பித்தான் ரயில் பாதை போடுவார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்த பிறகும் அந்த வெட்டும் நிரப்பும் அப்படியே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ மண் சுமந்ததற்கு, இன்றைக்கு சைக்கிள்காரன் மூச்சு வாங்காமல் போகிறான்.

அந்த ரயிலுக்கும் முன்னால் குதிரை இழுத்த டிராம் பாதை இருந்தது. 1809ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த வருடமே அதன் பெயர் செவர்ன் அண்ட் வை ரயில்வே அண்ட் கெனால் கம்பெனி என்று மாறியது. கவனிக்க, இந்தக் கம்பெனி நிலக்கரியை ஏற்றிப் போகவில்லை! பாதையை மட்டும் போட்டு வைத்தது. சுரங்கக்காரர்கள் தங்கள் சொந்த வண்டி, சொந்தக் குதிரையோடு வந்து டோல் கட்டி ஓட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய நான்கு வழிச்சாலைக் கணக்குதான். லிட்னி துறைமுகத்தை நோக்கிப் பாதை சரிந்து போகும். பாரம் இறக்கத்தில், காலி வண்டி ஏற்றத்தில். குதிரைக்கும் கம்பெனிக்கும் லாபம். 1864ல் நீராவி எஞ்சின் வந்தது. 1875ல்தான் பயணிகள் ரயில் வந்தது. ஆனால் காட்டின் உள்பகுதியில் 1929லேயே அதை நிறுத்திவிட்டார்கள். சரக்கு ரயில் மட்டும் இன்னும் சில பத்தாண்டுகள் ஓடியது. சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கிளம்புகிற கேனப் என்ற இடமே 1960ல் மூடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் இடம்தான்.

இனி மரங்களுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

1802ல் அட்மிரல் நெல்சன் டீன் பக்கம் வந்தார். கடற்படைக் கப்பலுக்கு ஓக் மரம் வேண்டும், இந்தக் காடோ பராமரிப்பு இல்லாமல் கிடக்கிறது, உடனே நட்டாக வேண்டும் என்று எழுதி வைத்தார். அவர் டிரஃபால்கரில் இறந்து மூன்று வருடம் கழித்து, 1808ல், சட்டம் வந்தது. 11,000 ஏக்கர் வரை வேலி போட்டு அடைத்து ஓக் நடலாம் என்று அனுமதி. நட்டார்கள். ஓக் மரம் கப்பலுக்கு ஆக நூறு வருடத்துக்கு மேல் வேண்டும். 1860ல் வாரியர் என்ற இரும்புக் கப்பல் கடலில் இறங்கியது. அதோடு மரப் போர்க்கப்பல் காலம் முடிந்தது. நெல்சனின் ஓக் மரங்களுக்கு அப்போது சுமார் ஐம்பது வயதுதான்! ஒரு முதலீடு பலன் தரும் முன்பே அதற்கான சந்தை காணாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அன்று நட்டவற்றில் மிச்சம் இருக்கும் மரங்கள் கேனப் பள்ளத்தாக்கில் இப்போது சைக்கிள்காரர்களுக்கு நிழல் கொடுக்கின்றன.

(ஒரு சின்ன உபரித் தகவல். ஓக் பற்றாக்குறையின்போது கடற்படை இந்தியத் தேக்கின் பக்கம் திரும்பியது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய ஒரு போர்க்கப்பல் 1817ல் கடலில் இறங்கியது. அதன் பெயர் டிரிங்கோமலி, அதாவது நம்ம திருகோணமலை. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அது மிதக்கிறது.)

சரி, 11,000 ஏக்கரை வேலி போட்டு அடைத்தால் அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆவார்கள்? அவர்கள் பன்றி, ஆடு, மாடு மேய்த்தவர்கள். அவர்களில் பலர் ‘ஃப்ரீ மைனர்’ எனப்பட்ட சுரங்கக்காரர்கள். இது ஒரு விசித்திரமான பரம்பரை உரிமை. செயின்ட் பிரியவெல்ஸ் என்ற அந்த வட்டாரத்தில் பிறந்து, 21 வயது முடிந்து, ஒரு வருடமும் ஒரு நாளும் சுரங்கத்தில் வேலை செய்திருந்தால், அரசரின் காட்டில் நீங்களே சுரங்கம் வெட்டலாம். அரசருக்குப் பங்கு கொடுத்தால் போதும். அவர் ஒரு ஸ்லீப்பிங் பார்ட்னர் மாதிரி!

வேலி போட்டபோது, மரங்கள் வளர்ந்து ஆடு மாடு கடிக்க முடியாத உயரம் வந்ததும் திறந்துவிடுவோம் என்றுதான் ஏற்பாடு. இருபது வருடம் ஆகியும் திறக்கவில்லை. வெளியூர்ப் பணக்காரர்கள் வேறு பெரிய சுரங்கங்களோடு உள்ளே வந்துவிட்டார்கள். 1831 ஜூன் 8ஆம் தேதி, வாரன் ஜேம்ஸ் என்ற ஃப்ரீ மைனர் தலைமையில் நூறு பேருக்கு மேல் கோடாரியோடு பார்க்எண்ட் பக்கம் போய் வேலியை உடைக்க ஆரம்பித்தார்கள். ஒளிந்து மறைந்து இல்லை, முன்னாடியே நோட்டீஸ் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சில நாளில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி, காடு முழுக்க வேலி சாய்ந்தது. ராணுவம் வந்தது. வாரன் ஜேம்ஸுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். டாஸ்மேனியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1836ல் மன்னிப்பு கிடைத்தது. ஆனால் ஊருக்குத் திரும்ப டிக்கெட் காசு யாரும் தரவில்லை. 1841ல் அங்கேயே இறந்தார்.

மன்னிப்புக்கு இரண்டு வருடம் கழித்து, 1838ல், ஃப்ரீ மைனர் உரிமையைச் சட்டமாகவே எழுதினார்கள். அது இன்றும் செல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் நிலக்கரி முழுவதும் தேசியமயம் ஆனபோது கூட இவர்களின் உரிமைக்கு விலக்கு கொடுத்தார்கள். 2010ல் முதன்முறையாக ஒரு பெண் அந்தப் பதிவேட்டில் இடம் பெற்றார். பெரிய சுரங்கங்களில் கடைசியானது 1965லேயே மூடிவிட்டது, ஆனால் சின்னச் சின்னச் சுரங்கங்கள் அதன் பிறகும் இருந்தன. இந்தக் காட்டில் சைக்கிளில் போகிறவன் கவனிக்க வேண்டியது ஆட்டையும் காட்டுப்பன்றியையும் மட்டும் இல்லை போலிருக்கிறது, பாதை ஓரத்தில் யாராவது நிலக்கரி வெட்டிக்கொண்டும் இருக்கலாம் :-)

நிலம் யாருடையது என்ற கேள்வி 1831ஓடு முடியவில்லை. 2010ல் பிரிட்டிஷ் அரசு பொதுக் காடுகளை விற்கவோ குத்தகைக்கு விடவோ வழி செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011 ஜனவரி ஆரம்பத்தில், கடும் குளிரில், ஆயிரக்கணக்கான மக்கள் டீன் காட்டின் நடுவில் ஸ்பீச் ஹவுஸ் பக்கம் திரண்டார்கள். ஸ்பீச் ஹவுஸ் என்பது பதினேழாம் நூற்றாண்டில் காட்டு நீதிமன்றத்துக்காகக் கட்டிய கட்டடம், பிற்காலத்தில் ஓட்டலானது. காட்டு வழக்குகளும் உரிமைப் பேச்சுகளும் நடந்த அதே இடம். பிப்ரவரி 17ஆம் தேதி அரசு திட்டத்தையே வாபஸ் வாங்கியது.

கணக்குப் பார்க்கிற புத்தியோடு யோசித்தால், விற்றிருந்தாலும் மரம் அங்கேதான் நின்றிருக்கும். சைக்கிள் பாதை நின்றிருக்குமா என்பதுதான் சந்தேகம். தனியார் ஒருவர் வாங்கியிருந்தால் முதல் வேலையாக என்ன செய்திருப்பார் என்று பார்க்எண்டில் யாரையாவது கேட்டால், வேலி என்பார்கள்.