அல்ஹம்ப்ரா: நீரால் அமைந்த அரணும் அரண்மனையும்

முன்னுரை

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலுள்ள கிரனாடா நகரில், தாரோ ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் சபீக்கா குன்றின்மீது அல்ஹம்ப்ரா அமைந்துள்ளது. ‘சிவந்தது’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. ஐபீரியத் தீபகற்பத்தின் இறுதி முஸ்லிம் அரச மரபினரான நஸ்ரித்துகளின் இருப்பிடம் இதுவே. இதன் மதில்களைப் படையரண் என்றும் மண்டபங்களைக் கலைப்படைப்பு என்றும் பிரித்து நோக்குவது வழக்கம். இவ்விரண்டும் ஒரே கால்வாயைச் சார்ந்து வளர்ந்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குன்றும் கால்வாயும்

1238இல் முதலாம் முகம்மது கிரனாடாவைத் தம் தலைநகராக்கினார். குன்றின் மேற்கு முனையில் முன்பே இருந்த கோட்டையை அவர் வலுப்படுத்தினார். அப்பகுதி இன்று அல்கசாபா எனப்படுகிறது. குன்றின் உயரம் காவலுக்கு ஏற்றது; எனினும் ஆறு பள்ளத்தில் ஓடியமையால் பெருங்குடியிருப்புக்கு வேண்டிய நீர் மேலே இல்லை. ஆகவே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் மேற்பகுதியில் நீர் தடுத்துத் திருப்பப்பட்டது. மலைச்சரிவை ஒட்டி வெட்டப்பட்ட ‘அரச கால்வாய்’ ஹெனராலிஃபே தோட்டங்களைக் கடந்து, கிழக்குப் புறமாக மதிலுக்குள் புகுந்தது. பள்ளிவாசல், குளியலகங்கள், குடியிருப்புகள், அரண்மனைகள் யாவும் இதன் நீரைப் பெற்றன. காவற்கோட்டை அரச நகரமாக விரிந்ததற்கு இதுவே அடிப்படை.

கட்டடக்கலை

முதலாம் யூசுபின் ஆட்சியில் (1333–1354) எழுந்த கோமாரெஸ் கோபுரம் ஏறத்தாழ 45 மீட்டர் உயரமுடையது. வெளியிலிருந்து காண்போர்க்கு அது மதிற்கோபுரம். உள்ளே அரியணை மண்டபம். அரணும் அரண்மனையும் இங்கு ஒரே கட்டடமாகின்றன. அதன் முன்னுள்ள நீள்குளம் கோபுரத்தின் நிழலுருவை ஏந்துகிறது. ஐந்தாம் முகம்மது அமைத்த சிங்க முற்றத்தில் 124 தூண்கள் சூழ, 12 பளிங்குச் சிங்கங்கள் நீர்த்தொட்டியைத் தாங்குகின்றன. நான்கு வாய்க்கால்கள் அவ்விடத்தில் கூடுகின்றன. தொட்டியின் விளிம்பில் அவைப்புலவர் இப்னு ஸம்ரக்கின் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்வரசு 1246இல் காஸ்டீலுக்குத் திறை செலுத்த உடன்பட்டது. அதன் பெருமிதம் விலையுயர்ந்த கருங்கல்லால் வெளிப்படவில்லை. மண்ணும் சுண்ணாம்பும் கலந்து இடித்தெழுப்பிய சுவர்கள், சுதை வேலைப்பாடு, வண்ண ஓடு, மரக்கூரை ஆகிய எளிய பொருள்களுக்கு ஒளியும் நீரும் பொலிவூட்டின.

கைமாற்றமும் எஞ்சியவையும்

நீண்ட முற்றுகைக்குப் பின் 1491இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1492 சனவரி 2இல் அல்ஹம்ப்ரா ஃபெர்டினாண்டு, இசபெல்லா ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. மதில் தகர்க்கப்படாமல் கைமாறியமையே மென்சுதை மண்டபங்கள் எஞ்சியதற்கு முதற்காரணம் எனலாம். புதிய ஆட்சியினரும் நீரையே முதலில் நாடினர். 1494இல் அல்கசாபாவுக்கும் அரண்மனைகளுக்கும் இடையே பெரும் நிலத்தடி நீர்த்தொட்டி கட்டப்பட்டது. ஐந்தாம் சார்லசின் மறுமலர்ச்சிப் பாணி அரண்மனைப் பணி 1527இல் தொடங்கியது. 1812இல் பின்வாங்கிய நெப்போலியனின் படையினர் மதிற்கோபுரங்கள் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். 1984இல் இவ்வளாகம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

அல்ஹம்ப்ராவில் நீர் அணிகலன் மட்டுமன்று. குன்றை வாழிடமாக்கிய ஆதாரம். முற்றுகையைத் தாங்கும் வலிமையும் முற்றத்தின் எழிலும் அதனையே சார்ந்தன. ஆகவே இவ்வளாகத்தின் வரலாற்றை மதிலுக்கு வெளியே, கால்வாயின் தலைப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.